முதலிடம் யாருக்கு, விலை கொடுப்பது யார்?
ஸ்மார்ட்போன் சந்தைப் போட்டியும் தொழிலாளி வர்க்கமும்

(கொல்கத்தாவில் வாழும் தமிழ்த் தோழர்களுக்காக லேக் மார்க்கெட் பகுதியில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

தோழர்களே,

கைப்பேசியைப் பற்றிப் பேசுவதற்கு இந்த நகரத்தைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் இல்லை. 1995 ஜூலை 31 அன்று, முதலமைச்சர் தோழர் ஜோதிபாசு இங்கே ரைட்டர்ஸ் கட்டடத்தில் இருந்தபடி, தில்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு அதுதான். சேவையை அளித்த நிறுவனம் மோடி டெல்ஸ்ட்ரா. பாதி இந்தியத் தொழிலதிபர் பி.கே. மோடியுடையது, மீதி ஆஸ்திரேலிய நிறுவனத்துடையது. (வேறு மோடியை யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.) கருவி பின்லாந்தின் நோக்கியா. அழைப்பவரும் கட்டணம் செலுத்த வேண்டும், அழைப்பை ஏற்பவரும் செலுத்த வேண்டும். 1994ஆம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை தனியார் மூலதனத்துக்குத் திறந்துவிட்ட கதவின் வழியே வந்த முதல் குரல் அது.

இன்று இந்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி ஸ்மார்ட்போன்கள் விற்கின்றன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சந்தை ஆய்வு நிறுவனங்கள் ஒரு பட்டியலை வெளியிடுகின்றன. விவோ முதலிடம், சாம்சங் இரண்டாமிடம், ஷியோமி சரிவு, ஆப்பிள் உயர்வு என்று நாளேடுகள் கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கையைப் போல அதை அச்சிடுகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகளும் தங்கள் அணியைப் பற்றிப் பேசுவதுபோல் தங்கள் கம்பெனியைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்தப் பட்டியலில் ஓர் இடம் மாறும்போது ஸ்ரீபெரும்புதூரிலும் நரசாபுராவிலும் இங்கே சாந்தினி சந்தையிலும் என்ன நடக்கிறது என்பதை மட்டும் எந்த நாளேடும் சேர்த்து எழுதுவதில்லை. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பட்டியல் மாறிய வரலாறு

2007, 2008 வாக்கில் உலகில் விற்ற கைப்பேசிகளில் ஐந்தில் இரண்டு நோக்கியாவுடையவை. அதே 2007இல் ஆப்பிள் ஐபோன் வந்தது, அடுத்த ஆண்டு கூகுளின் ஆண்ட்ராய்டு வந்தது. ஆறே ஆண்டுகளில் நோக்கியா தன் கைப்பேசிப் பிரிவையே மைக்ரோசாப்டிடம் விற்றுவிட்டு வெளியேறியது. இந்தியாவில் அந்த இடத்தைச் சாம்சங் பிடித்தது. அதன் பின்னாலேயே மைக்ரோமேக்ஸ், கார்பன், லாவா, இன்டெக்ஸ் என்று இந்திய நிறுவனங்கள் வந்தன. 2014இன் இறுதியில் மைக்ரோமேக்ஸ் சாம்சங்கையே முந்திவிட்டதாக ஓர் ஆய்வு நிறுவனம் அறிவித்தது. தேசிய முதலாளித்துவம் வென்றுவிட்டதாகச் சிலர் மகிழ்ந்தார்கள்.

வென்றது என்ன? அந்தக் கைப்பேசிகளில் பெரும்பாலானவை சீனத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு, இங்கே பெயர் ஒட்டி விற்கப்பட்டவை. ஆராய்ச்சிக்கோ உதிரிபாக உற்பத்திக்கோ இந்த முதலாளிகள் பெரிதாக ஒன்றும் போடவில்லை. ஹாலிவுட் நடிகரை விளம்பரத்துக்கு அமர்த்தப் பணம் இருந்தது. ஒரு திரையையோ ஒரு சில்லையோ சொந்தமாக வடிவமைக்கப் பணம் இல்லை. 2014 ஜூலையில் ஷியோமி இங்கே நுழைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து 4ஜி பரவியது. கிடங்குகளில் 3ஜி கருவிகளை அடுக்கி வைத்திருந்த இந்திய நிறுவனங்கள் இரண்டே ஆண்டுகளில் பட்டியலிலிருந்து காணாமல் போயின. 2017இன் கடைசிக் காலாண்டில் ஷியோமி முதலிடம். பிறகு மீண்டும் சாம்சங். 2024இல் ஆண்டு முழுமைக்கும் முதலிடம் விவோவுக்கு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விவோ, ஓப்போ, ஒன்பிளஸ், ரியல்மீ ஆகிய நான்கும் கடையில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் போட்டியாளர்களாகத் தெரிகின்றன. நான்கும் பிபிகே என்ற ஒரே சீனத் தொழில் குழுமத்தின் மூலத்திலிருந்து கிளைத்தவை. ஒரு குடும்பத்தின் நான்கு பிள்ளைகள் நான்கு கடை போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போட்டியிலிருந்தே ஏகபோகம் பிறக்கிறது என்று லெனின் 1916இல் எழுதியதைப் படித்த நமக்கு இது புதிதல்ல. ஏகபோகம் போட்டியை ஒழித்துவிடுவதில்லை, அதை இன்னும் மூர்க்கமாக்குகிறது என்பதும் அதே நூலின் பாடம்.

இன்னொரு விவரம். எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குகூட விற்காத ஆப்பிள், விற்பனை மதிப்பில் நான்கில் ஒரு பங்கை நெருங்கிவிட்டது. விற்பனை எண்ணிக்கை சில ஆண்டுகளாக 15 கோடியைச் சுற்றியே நிற்கிறது. சராசரி விலையோ இருபதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. உழைக்கும் மக்களின் வாங்கும் சக்தி வளரவில்லை. எனவே புதியவர்களுக்கு விற்க முடியவில்லை. ஏற்கனவே வைத்திருப்பவரிடம் விலை உயர்ந்ததை விற்றாக வேண்டும். அதற்கு வழி தவணைக் கடன். தவணை தவறினால் தொலைவிலிருந்தே போனை முடக்கிவிடும் செயலியும் உண்டு. உணவு விநியோகிக்கும் ஓர் இளைஞனுக்குப் போன் முடங்கினால் அன்றைய கூலியும் முடங்குகிறது. கந்துவட்டிக்காரன் சைக்கிளைப் பிடுங்கிச் சென்ற காலத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்குத் தெரியவில்லை.

கொடியைக் காட்டி மறைப்பது

2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் நம் வீரர்கள் 20 பேர் உயிரிழந்தபோது சீனப் பொருள்களைப் புறக்கணிப்போம் என்று சங்கப் பரிவாரம் முழங்கியது. நம்மிடமும் சில தோழர்கள் என்ன நிலை எடுப்பது என்று தடுமாறினார்கள். நடந்தது என்ன? அந்தக் காலாண்டில் சீன நிறுவனங்களின் பங்கு சற்றே இறங்கியது, மீண்டும் ஏறியது. 2024 டிசம்பரில் இந்தியாவின் டிக்சன் நிறுவனமும் விவோவும் சேர்ந்து கூட்டு நிறுவனம் தொடங்கப்போவதாக அறிவித்தன; 51 சதவீதம் டிக்சனுக்கு. முழக்கம் தெருவில் இருந்தது, மூலதனம் மேசையில் கை குலுக்கிக்கொண்டது.

2022 ஏப்ரலில் அமலாக்கத்துறை ஷியோமியின் 5,551 கோடி ரூபாயைக் கைப்பற்றியது. ராயல்டி என்ற பெயரில் வெளிநாட்டுக்கு முறைகேடாகப் பணம் அனுப்பியதாகக் குற்றச்சாட்டு. அந்தப் பணத்தில் 84 சதவீதத்துக்கு மேல் சென்றது அமெரிக்காவின் குவால்காமுக்கு என்பது ஷியோமி தந்த பதில். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பது நம் பிரச்சினை அல்ல. சீனப் பெயர் தாங்கிய கருவி ஒன்றை ஓர் இந்தியத் தொழிலாளி வாங்கும்போதும், அதில் ஒரு பங்கு காப்புரிமைக் கப்பமாக அமெரிக்க ஏகபோகத்துக்குப் போய்ச் சேர்கிறது என்பதை அந்தப் பதில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டது.

2011இல் கிரேமர், லிண்டன், டெட்ரிக் ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டு ஐபோனின் விலையைப் பிரித்துக் கணக்கிட்டார்கள். விலையில் 58.5 சதவீதம் ஆப்பிளின் இலாபம். அதைப் பூட்டிச் சேர்த்த சீனத் தொழிலாளர்களின் கூலி 1.8 சதவீதம். நூறு ரூபாயில் இரண்டு ரூபாய்கூட இல்லை. அந்த ஆண்டில்தான் ஷென்சென் ஃபாக்ஸ்கான் ஆலையில் இளம் தொழிலாளர்கள் ஒருவர் பின் ஒருவராக மாடியிலிருந்து குதித்து மாண்டார்கள். சந்தைப் பங்குக்கான போட்டியில் நிறுவனங்கள் காப்புரிமைக் கப்பத்தைக் குறைக்க முடியாது. சில்லின் விலையைக் குறைக்க முடியாது. விளம்பரத்தைக் குறைக்கத் துணிவதில்லை. விவோ ஐபிஎல் பெயர் உரிமைக்காக ஐந்தாண்டுகளுக்கு 2,199 கோடி ரூபாய் தர ஒப்புக்கொண்டது நினைவிருக்கும். கைவைக்க எளிதான இடங்கள் இரண்டுதான் மிஞ்சுகின்றன. ஒன்று கடைக்காரரின் கழிவு, மற்றொன்று தொழிலாளியின் நேரம்.

சாந்தினி சந்தை

கடைக்காரரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்களுக்கே அது நன்கு தெரியும். சாந்தினி சந்தையின் சந்துகளில் பழுது பார்க்கும் கடைகளில் சென்ற வாரம் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தேன். கைப்பேசி விற்பனைக் கடை வைத்திருக்கும் ஒருவர், தனக்கு விநியோகஸ்தர் பில் போடும் விலையைவிடக் குறைவாக அதே போன் பண்டிகை விற்பனையில் இணையத்தில் கிடைக்கிறது என்றார். ‘நானே இணையத்தில் வாங்கிக் கடையில் வைத்து விற்றால் என்ன என்று யோசிக்கிறேன் தாதா’ என்று சிரித்தார். சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

இணைய வழி மட்டுமே விற்பது என்ற முறையை 2014இல் ஷியோமி ஃபிளிப்கார்ட்டுடன் சேர்ந்து தொடங்கியபோது இடைத்தரகர் ஒழிந்தார், விலை குறைந்தது என்று பாராட்டினார்கள். இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் அமேசான், ஃபிளிப்கார்ட் மீது விசாரணைக்கு உத்தரவிட்டது. சில குறிப்பிட்ட விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டியதும், கைப்பேசி நிறுவனங்களுடன் கைகோத்துப் புதிய போன்களைத் தங்கள் தளங்களில் மட்டும் வெளியிட்டதும் 2024இல் அதன் புலனாய்வு அறிக்கைகளில் வெளிவந்தன. நான்காண்டுகள் கழித்து. அதற்குள் மூடிய கடைகள் மூடியவைதான்.

சிறு கடைக்காரரின் கோரிக்கையை நாம் ஆதரிக்க வேண்டும். ஆனால் அவர் கடையில் நிற்கும் பையனை மறந்துவிட்டு அல்ல. நிறுவனத்தின் சட்டை அணிந்து கடைவாசலில் நிற்கும் விற்பனை ஊக்குநருக்கு மாத இலக்கு உண்டு, பல இடங்களில் நியமன ஆணை கிடையாது. யாருடைய தொழிலாளி என்று கேட்டால் கடைக்காரர் நிறுவனத்தைக் காட்டுவார். நிறுவனம் ஆள் வழங்கும் முகமையைக் காட்டும். வணிகர் சங்க மேடையில் இந்தப் பையனின் பெயர் ஒருபோதும் ஒலிப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூரின் பாடம்

இனி ஆலைக்கு வருவோம். 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தியைத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம், வரிச் சலுகை, மலிவு விலையில் நிலம், தடையற்ற மின்சாரம். உச்சத்தில் எட்டாயிரம் பேர் வரை நேரடியாக வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதைச் சுற்றியிருந்த கிராமத்துப் பெண்கள். 2010 அக்டோபர் இறுதியில், 22 வயதுப் பெண் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தில் சிக்கி உயிரிழந்தார். அதே ஆண்டில் அதே வளாகத்தில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரத்துக்காக வேலைநிறுத்தம் செய்தபோது நூற்றுக்கணக்கில் கைது செய்யப்பட்டார்கள்.

பிறகு உலகச் சந்தையில் நோக்கியா தோற்றது. மென்பொருள் ராயல்டியாகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தில் வரி பிடிக்கவில்லை என்று 2013இல் வருமான வரித்துறை இரண்டாயிரம் கோடிக்கு மேல் கேட்டது. மாநில அரசு விற்பனை வரியாக 2,400 கோடி கேட்டது. 2014 ஏப்ரலில் மைக்ரோசாப்ட் உலகெங்கும் உள்ள நோக்கியா ஆலைகளை எடுத்துக்கொண்டபோது வழக்கில் சிக்கிய இந்த ஆலையை விட்டுவிட்டது. விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். 2014 நவம்பர் 1 அன்று ஆலை நின்றது. டிசம்பரில் ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. மைக்ரோசாப்டுக்குக்கூட அந்தக் கொள்முதல் செல்லவில்லை. மறு ஆண்டே 760 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதிவிட்டது. முதலாளிக்கு நட்டம் என்பது கணக்கேட்டில் ஒரு வரி. இருபத்தைந்து வயதில் ‘முன்னாள் தொழிலாளி’ ஆகிவிட்ட பெண்ணுக்கு அது வாழ்க்கை.

அங்கே நாம் தோற்றோம் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆலை ஒன்றில் ஒரு சங்கம், அதை அடுத்த ஆலையில் வேறு சங்கம், பயிற்சித் தொழிலாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் எதிலும் இல்லை. போட்டி உலகளாவியதாக இருந்தது. நம் அமைப்போ ஆலைச் சுவரைத் தாண்டவில்லை.

பூட்டிய அந்த வளாகத்தைச் சார்ஜர் தயாரிக்கும் சால்காம்ப் வாங்கியது 2019இல். அதே காலத்தில் ஃபாக்ஸ்கான் திரும்பிவந்து ஐபோன் தயாரிக்கத் தொடங்கியது. 2020இல் மோடி அரசு உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்தைக் கைப்பேசித் துறைக்குக் கொண்டுவந்தது. ஏறத்தாழ 41,000 கோடி ரூபாய். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இது பதினைந்தாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள கருவிகளுக்கே பொருந்தியது. மக்கள் வரிப்பணம், வசதியுள்ளவர் வாங்கும் போனுக்கு. 2024-25இல் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய் மதிப்புள்ள ஐபோன்கள் ஏற்றுமதியானதாக அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் பெருமையுடன் அறிவித்தார். அந்தப் பெருமைக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன?

2020 டிசம்பர் 12. கர்நாடகத்தின் நரசாபுரா. விஸ்ட்ரான் ஆலையில் சம்பளப் பிடித்தத்தாலும் நேர நீட்டிப்பாலும் கொதித்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆலையை நொறுக்கினார்கள். 5,000 பேர் இருந்த ஆலையில் குறுகிய காலத்தில் 10,500 பேரைத் திணித்திருந்தார்கள். முறையான வருகைப் பதிவேடுகூட இல்லை. சங்கம் இல்லாத இடத்தில் கோபம் கல்லாகத்தான் வெளிவரும். 2021 டிசம்பர். பூந்தமல்லி அருகே விடுதி உணவு நஞ்சாகி ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியர் இறந்துவிட்டதாகப் பரவிய செய்தியால் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையை இரவெல்லாம் மறித்தார்கள். எந்தத் தலைவரும் அழைக்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். அதன் பிறகுதான் விடுதிகளில் தண்ணீர் வருகிறதா என்று ஆப்பிள் பார்த்தது.

2023இல் பெப்ரவரியில் கர்நாடகத்தின் பாஜக அரசு 12 மணி நேர வேலைக்கு வழிவிட்டது. இதற்காக ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் அழுத்தம் கொடுத்ததாக பைனான்சியல் டைம்ஸ் எழுதியது. ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அதே போன்ற மசோதா நிறைவேறியது. கூட்டணியில் இருந்த இடதுசாரிகளே வெளிநடப்புச் செய்தார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே நாளன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். 2024இல் செப்டம்பர் 9 முதல் 37 நாள்கள் சாம்சங் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தமும் சங்கம் பதிவாவதில் போய் முடிந்தது. அது குளிர்பதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் செய்யும் ஆலை, கைப்பேசி ஆலை அல்ல; அங்கே பெரும்பாலோர் நிரந்தரத் தொழிலாளர்கள், தமிழ் பேசும் ஆண்கள், வருடக்கணக்கில் ஒரே ஆலையில் நின்றவர்கள். கைப்பேசி ஆலையில் இந்த மூன்றும் இல்லை. அங்கே ஏன் நமக்கு வேரில்லை என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

ஹௌராவிலிருந்து செல்லும் ரயில்

சிப்காட் வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 706 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 படுக்கைகளுடன் விடுதி கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. நல்ல விடுதி, மறுக்கவில்லை. ஆனால் 18,720 பேர் நிறுவனத்தின் பேருந்தில் ஏறி நிறுவனத்தின் ஆலைக்குச் சென்று நிறுவனத்தின் விடுதிக்கே திரும்புகிறார்கள். சங்கத்தின் துண்டறிக்கை அவர்கள் கைக்கு எங்கே எட்டும்? திருமணமான பெண்களை இந்த நிறுவனம் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. குடும்பமும் ஊரும் உறவும் இல்லாத தொழிலாளியே அவர்களுக்குத் தேவை.

இப்போது அந்தத் தொழிலாளி தமிழ் பேசுபவராகவும் இருக்க வேண்டியதில்லை. ஓசூர் டாடா ஆலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளிலிருந்து ஆறாயிரம் பழங்குடிப் பெண்கள் வருவதாக 2022இல் மத்திய அமைச்சரே சொன்னார். ஒடிசாவிலிருந்தும் இந்த மாநிலத்திலிருந்தும் ஆள் எடுக்கும் முகமைகள் ஊர் ஊராகச் செல்கின்றன. 2023 ஜூன் 2 அன்று பாலசோரில் கவிழ்ந்த கோரமண்டல் விரைவு ரயிலின் பொதுப்பெட்டிகளில் யார் இருந்தார்கள் என்பதை இந்த நகரம் மறந்திருக்காது. தெற்கே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

இதில்தான் உங்கள் பொறுப்பு தொடங்குகிறது. தமிழ்நாட்டில் நம் துண்டறிக்கைகள் நல்ல தமிழில் அச்சாகின்றன. ஆலை வாசலில் ஒரு சந்தாலிப் பெண்ணோ புருலியாவிலிருந்து வந்த பெண்ணோ அதை வாங்கி, பார்த்து, மடித்து வைத்துக்கொள்கிறார். பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. ‘வடக்கன்’ என்று ஏளனம் செய்யும் குரல் அந்தப் பெண்ணின் காதில் விழுகிறது. நம் குரல் விழுவதில்லை. இன்னொரு பக்கம், குறைந்த கூலிக்கு ஆள் வந்துவிட்டதால் தன் வேலை போயிற்று என்று நம்பும் தமிழ்த் தொழிலாளியும் இருக்கிறார். இவ்விருவரையும் பிரித்து வைப்பதற்கு நிறுவனம் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டியதில்லை.

தமிழும் வங்கமும் இந்தியும் ஒரே நாவில் பேசத் தெரிந்தவர்கள் நீங்கள். தலைமுறைகளாக இந்நகரில் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் உழைத்துப் பெற்ற வளம் அது. உங்களிடம் மூன்று வேலைகளைக் கேட்கிறேன். சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி, வருங்கால வைப்பு நிதி எண்ணைக் கேட்டுப் பெறுவது எப்படி, மிகைநேரக் கூலி எவ்வளவு, உள்புகார்க் குழுவிடம் எழுதுவது எப்படி என்பதை வங்கத்திலும் இந்தியிலும் சிறு பிரசுரமாக எழுதித் தாருங்கள். சந்தாலிக்குத் தோழர்களைத் தேடுவோம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்த காலப் பணி நியமனத்துக்கு அகல வழிவிட்டுள்ளதால், பிரசுரத்தில் ஒரு பக்கம் அதற்கே தேவைப்படும். இரண்டாவது, ஆள் எடுக்கும் முகமைகள் எந்தெந்த மாவட்டங்களில் என்ன வாக்குறுதி கொடுக்கின்றன என்பதை இங்குள்ள மாவட்டக் குழுக்களிடம் கேட்டுத் திரட்டுங்கள். சொன்ன சம்பளமும் கையில் வாங்கிய சம்பளமும் அருகருகே எழுதப்பட்டால் அதுவே ஒரு துண்டறிக்கை. மூன்றாவது, விடுமுறைக்கு ஊர் திரும்பும் பெண்களை அவர்கள் வீட்டிலேயே சென்று பாருங்கள். விடுதி வாசலில் காவலர் நிற்பார். புருலியாவில் அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையில் எந்தக் காவலரும் இல்லை.

காலம் நிறைய இல்லை. 2025 மே மாதம் அமெரிக்க அதிபர் டிரம்ப், இந்தியாவில் உற்பத்தியைப் பெருக்குவதை விரும்பவில்லை என்று ஆப்பிள் தலைவரிடம் தான் சொன்னதாக வெளிப்படையாகவே பேசினார். ஜூலையில் ஃபாக்ஸ்கானின் சீனப் பொறியாளர்கள் முந்நூறுக்கு மேற்பட்டோர் தாயகம் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இன்று ஆலைகள் விரிகின்றன. நோக்கியாவும் விரிந்துகொண்டேதான் இருந்தது. அடுத்த முறை பட்டியல் மாறும்போது ஆலை வாசலில் நிற்கப்போகும் பெண், நம்மில் ஒருவர் பெயரையாவது அறிந்திருக்கிறாரா என்பது இப்போதிருந்து நாம் செய்யும் வேலையைப் பொறுத்தது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள், தோழர்களே. பிரசுரத்துக்கான குழுவில் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள்.